உயரமான வண்டியும் ஆற்றங்கரைச் சாலையும்

கேள்வி: நான் மன்னார்குடியில் வசிக்கும் அரசுப் பள்ளி ஆசிரியை. பதினொரு வருடம் சின்ன கார் ஓட்டியிருக்கிறேன். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் கணவர் மூன்று மாதத்துக்கு முன்பு ஏழு பேர் உட்காரும் டீசல் எஸ்யூவி வாங்கிக் கொடுத்தார். கியர் வண்டிதான். ஷோரூமில் லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுக்கும் என்றார்கள். எனக்கு 12.8 தாண்டவில்லை. மேல் கியரிலேயே ஓட்டு என்று கணவர் போனில் சொல்கிறார். பள்ளிக்கூடம் 6 கிலோமீட்டர் தூரம், ஆற்றங்கரைச் சாலை. எதிரே பஸ் வந்தால் எனக்குக் கை நடுங்குகிறது. இப்போது சாலை முழுக்க நெல் காய்கிறது, அடுத்து மழை வந்துவிடும். போன வாரம் குழாய்க்குள் புள்ளிகள் போட்ட படத்தோடு ஒரு மஞ்சள் விளக்கு வேறு எரிந்தது, இன்னும் அணையவில்லை. வண்டிக்கு முன்னால் இரும்புக் கம்பி போட்டுக்கொண்டால் பாதுகாப்பு என்கிறார் கொழுந்தனார். மாமியாரும் இரண்டு பிள்ளைகளும் என்னோடுதான் வருகிறார்கள். பத்திரமாகவும் டீசல் மிச்சமாகவும் ஓட்ட நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

டீச்சர், வணக்கம்.

மஞ்சள் விளக்கைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஆனால் தள்ளியும் போடாதீர்கள். மைலேஜ் குறைவதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்பதால் அங்கே வரும்போது விரிவாகச் சொல்கிறேன். முதலில் கை நடுங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பார்ப்போம். உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதாகப் பட்டது அந்த வரிதான்.

தஞ்சாவூரில் பட்டறை வைத்து எனக்கு 26 வருடம் ஆகிறது. சின்ன காரிலிருந்து பெரிய வண்டிக்கு மாறியவர்கள் முதல் ஆறு மாதத்துக்குள்தான் இடித்துக்கொண்டு வருவார்கள், பெரும்பாலும் இடது பக்கம். காரணம் வண்டியின் உயரம். மேலே உட்காரும்போது தரை மெதுவாக ஓடுவது போலத் தோன்றும். 70-ல் போனாலும் 50-ல் போகிற மாதிரி இருக்கும். தூரத்தில் இருப்பது நன்றாகத் தெரியும், பக்கத்தில் இருப்பது மறைந்துவிடும். இந்த மாதிரி வண்டிகள் பலவற்றில் பானெட்டை ஒட்டி நிற்கும் சின்னக் குழந்தை ஓட்டுகிறவர் கண்ணுக்குத் தெரியாது. அதனால் வீட்டு வாசலிலிருந்து எடுக்கும் முன் வண்டியை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்று கண்ணால் பார்த்துவிட்டு அப்புறம் ஏறுங்கள்.

கை நடுங்குவதற்குக் காரணம் பயந்த சுபாவம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். இடது சக்கரம் எங்கே இருக்கிறது என்பது உங்கள் உடம்புக்கு இன்னும் தெரியவில்லை, அவ்வளவுதான். இதற்கு நான் எல்லோருக்கும் கொடுக்கும் பயிற்சி ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆள் இல்லாத மைதானத்துக்குப் போங்கள். காலி தண்ணீர் பாட்டில்கள் ஐந்தாறை இருபதடி இடைவெளியில் ஒரே வரிசையாக நிறுத்துங்கள். இடது முன்சக்கரம் ஒவ்வொரு பாட்டிலையும் நசுக்கும்படி மெதுவாக ஓட்டுங்கள். முதல் தடவை ஒன்றுகூட நசுங்காது. பாட்டில் நசுங்கும் சத்தம் கேட்கும்போது கண்ணாடி வழியாகப் பாருங்கள்: வரிசை பானெட்டின் எந்த இடத்துக்கு நேராக வருகிறதோ, அதுதான் உங்கள் இடது சக்கரத்தின் தடம். அந்த இடத்தில் வைப்பர் பக்கமாக ஒரு சின்னப் பொட்டு ஒட்டிக்கொள்ளலாம். இரண்டு ஞாயிறு பழகினால் போதும், எதிரே பஸ் வரும்போது தார் விளிம்புக்கு எத்தனை விரற்கடை பாக்கி இருக்கிறது என்று தானாகத் தெரியும்.

இனி கரைச்சாலை. நம் பக்கத்து ஆற்றங்கரைச் சாலைகள் பல, ஆற்றுக்குக் கரை போட்டு அந்தக் கரை மேலேயே தார் போட்டவை. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் தாழ்வான வயல். பல இடங்களில் தடுப்புச் சுவர் கிடையாது. வெயில் காலத்தில் மண் விளிம்பு கல் மாதிரி இருக்கும். ஒரு மழை பெய்துவிட்டால் அதே களிமண் சோப்பு மாதிரி வழுக்கும், உங்கள் வண்டியின் எடைக்கு உள்வாங்கவும் செய்யும். மழைக்காலத்தில் பஸ்ஸுக்கு வழிவிட மண்ணில் இறங்காதீர்கள். தூரத்தில் பஸ் தெரிந்ததுமே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். அகலமான இடமாக, மதகுப் பக்கமோ படித்துறைப் பக்கமோ பார்த்து நிறுத்திவிடுங்கள். பஸ் போகட்டும். ஓட்டுநர்கள் அந்த வழியில் தினம் போகிறவர்கள், நின்று வழிவிடும் வண்டியை அடையாளம் வைத்துக்கொள்வார்கள். ஒரு மாதம் கழித்து உங்களைப் பார்த்ததும் அவர்களே வேகத்தைக் குறைப்பார்கள்.

சரி, அதையும் மீறி இடது சக்கரம் தாரை விட்டு இறங்கிவிட்டது என்று வையுங்கள். இந்த இடத்தை இரண்டு முறை படியுங்கள். பயத்தில் எல்லோரும் செய்வது ஸ்டியரிங்கை வலது பக்கம் வெட்டி இழுப்பதுதான். தாருக்கும் மண்ணுக்கும் நடுவே நாலைந்து அங்குலம் பள்ளம் இருக்கும், சக்கரம் அந்த விளிம்பில் உரசிக்கொண்டே ஓடும். இழுத்துக்கொண்டே இருந்தால் திடீரென்று ஏறும், ஏறிய வேகத்தில் வண்டி சாலைக்குக் குறுக்கே பாயும். வலது பக்கம் ஆறு இருந்தால் முடிவு என்னவென்று நான் எழுத வேண்டியதில்லை. எடை உயரத்தில் இருப்பதால் எஸ்யூவி புரளவும் செய்யும். அப்போது செய்ய வேண்டியது இதுதான். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். பிரேக்கை மெதுவாகத் தொடுங்கள், ஓங்கி மிதிக்காதீர்கள். இடது சக்கரம் மண்ணிலேயே ஓடட்டும். வேகம் 20-க்குக் கீழே வந்த பிறகு தார் விளிம்பு தாழ்வாக இருக்கும் இடத்தில் மெல்ல ஏறுங்கள்.

ஆற்றில் தண்ணீர் ஓடும் காலத்தில், அதாவது வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்ததிலிருந்து ஜனவரி 28-ல் மூடுகிற வரைக்கும், வண்டிக்குள் ஒரு சின்னக் கண்ணாடி உடைக்கும் சுத்தியல் இருக்கட்டும். டேஷ்போர்டு பெட்டிக்குள் பூட்டி வைத்தால் பிரயோஜனம் இல்லை, இருக்கையிலிருந்து கை எட்டும் இடத்தில் மாட்டுங்கள். வண்டி தண்ணீரில் விழுந்தால் கதவைத் தள்ளிப் பார்த்து நேரத்தை விடாதீர்கள், வெளியே இருக்கும் தண்ணீரின் அழுத்தம் திறக்க விடாது. பெல்ட்டைக் கழற்றி, பக்கக் கண்ணாடியை உடனே இறக்குங்கள். பவர் விண்டோ கொஞ்ச நேரம் வேலை செய்யும். செய்யாவிட்டால் பக்கக் கண்ணாடியின் மூலையில் அடியுங்கள். முன் கண்ணாடி இரண்டு அடுக்காக ஒட்டியது, உடையாது. பிள்ளைகளை முதலில் வெளியே தள்ளுங்கள். இதை ஒருநாள் சாவகாசமாகப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசி, பெல்ட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்தில் தீ ஒத்திகை நடத்துகிறீர்களே, அது மாதிரி.

அடுத்தது சாலையில் காயும் நெல். நான் அந்த விவசாயிகளைக் குறை சொல்ல மாட்டேன். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் மூட்டை நிற்கும். குறுவை அறுப்பு நேரத்தில்தான் வானமும் இருட்டிக்கொண்டு வருகிறது, களம் இருக்கும் ஊர்கள் எத்தனை? ஆனால் நெல்மணி மேல் ஏறிய டயருக்குப் பிடிமானம் கிடையாது. கோலிக்குண்டு பரப்பிய தரையில் நடப்பது போலத்தான். பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ், அங்கே வழுக்கலைச் சமாளிக்க உதவும், நிற்கும் தூரத்தைக் குறைத்துத் தராது. நெல் தொடங்கும் முன்பே 30-க்கு வந்துவிடுங்கள். அதன் மேல் பிரேக்கும் வேண்டாம், திருப்பமும் வேண்டாம். பாதிச் சாலையில் நெல் இருந்தால் மீதிப் பாதியில் இரண்டு பக்க வண்டிகளும் வரும் என்பதை நினைவில் வையுங்கள். ராத்திரியில் இன்னும் மோசம். குவித்துத் தார்ப்பாய் மூடி, சுற்றிலும் கல் வைத்திருப்பார்கள். தார்ப்பாயும் கறுப்பு, சாலையும் கறுப்பு. அறுப்பு மாதங்களில் இருட்டியபின் அந்த வழியில் 40-க்கு மேல் போகாதீர்கள்.

இதைவிட எனக்குக் கவலை தருவது மாசி, பங்குனியில் வரும் உளுந்துச் செடி. வண்டி ஏறி உதிரட்டும் என்று சாலையில் பரப்பிப் போடுவார்கள். வைக்கோலும் இப்படிக் கிடக்கும். காய்ந்த கொடி சக்கரத்துக்குப் போகும் அச்சுத்தண்டில் சுற்றிக்கொள்ளும். பக்கத்திலேயே புகைப்போக்கி கொதித்துக்கொண்டிருக்கும். இரண்டு வருடம் முன்பு ஒருவர் கருகல் வாடை வருகிறது என்று வண்டியைக் கொண்டுவந்தார். லிஃப்டில் தூக்கிப் பார்த்தால் அச்சுத்தண்டைச் சுற்றித் தொடை பருமனுக்கு உளுந்துக்கொடி, தாம்புக்கயிறு போல முறுக்கிக் கிடந்தது. புகைக்குழாய்ப் பக்கம் இருந்த பாதி கறுத்துக் கரியாகியிருந்தது. அரிவாளால் அறுத்தெடுக்க எங்களுக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. இன்னும் பத்து கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் வண்டி எரிந்திருக்கும். செடி பரப்பிய சாலையைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். முடியாவிட்டால் கடந்ததும் தார் சுத்தமாக இருக்கும் இடத்தில் நிறுத்தி, குனிந்து அடியில் ஒரு பார்வை பாருங்கள். வைக்கோல் மேல் எக்காரணம் கொண்டும் வண்டியை நிறுத்தாதீர்கள். தீயணைப்பான் ஒன்று வண்டியில் இருக்கட்டும்.

மழை. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் பெரியவர்கள் சொன்னது உங்கள் வண்டிக்கும் பொருந்தும். எஸ்யூவி என்பதால் தண்ணீரில் போகும் என்று நினைக்கிறார்கள். உங்களுடையதைப் போன்ற பல வண்டிகளில் முன்சக்கரம் மட்டும்தான் இழுக்கும். எஞ்சினுக்குக் காற்று போகும் வாய், பானெட்டுக்கு முன்பக்கம் இருக்கும். அதில் தண்ணீர் புகுந்தால் பிஸ்டன் தண்ணீரை அழுத்தப் பார்க்கும். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளையும். அப்படி வளைந்த ஒன்றை என் மேசை மேலேயே வைத்திருக்கிறேன், நாய் வால் மாதிரி இருக்கும். தண்ணீரில் அணைந்த வண்டியை மறுபடி மறுபடி ஸ்டார்ட் செய்து பார்த்ததால் வந்த வினை. அணைந்தால் சாவியைத் தொடாதீர்கள், தள்ளிக் கரையேற்றி, கட்டி இழுத்துப் பட்டறைக்குக் கொண்டு போங்கள். சாதாரண இன்சூரன்ஸ் இந்தச் செலவைப் பெரும்பாலும் ஏற்காது. எஞ்சின் பாதுகாப்புக்கு என்று தனியாகச் சேர்க்கும் பிரிவு உங்கள் பாலிசியில் இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள்.

தேங்கிய தண்ணீர் சக்கரத்தின் நடுமையம் வரை இருந்தால் போகலாம், அதற்கு மேல் வேண்டாம். முதல் கியரில், ஒரே சீராக, நடுவில் கியர் மாற்றாமல் போங்கள். எதிரே பஸ் வந்தால் அதன் அலை அடங்கும் வரை காத்திருங்கள். கடந்த பிறகு பிரேக்கை லேசாக மிதித்தபடி கொஞ்ச தூரம் ஓட்டினால் ஈரம் காயும். ஓடுகிற தண்ணீருக்கு இந்தக் கணக்கு கிடையாது. இரண்டடி வெள்ளம் வேகமாக ஓடினால் பெரிய வண்டியையும் தூக்கிக்கொண்டு போகும். தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால் திரும்பி வந்துவிடுங்கள். ரயில்வே சுரங்கப்பாதையும் அப்படித்தான். 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூரில் சுரங்கப்பாதையில் தேங்கிய மழைநீரில் கார் மூழ்கி ஓர் உயிர் போனது. சரிவில் இறங்கும்போது ஆழம் தெரியாது என்பதுதான் அதில் ஆபத்து. ஒருநாள் பள்ளிக்கு அரைநாள் லீவு போனால் போகட்டும்.

மற்றவை சுருக்கமாக. மார்கழிப் பனியில் டிம் விளக்கு, ஹை பீம் போட்டால் பனியே வெள்ளைத் திரையாக முன்னால் நிற்கும். அறுப்பு முடிந்தபின் வாத்து மந்தையும் கிடை ஆடுகளும் சாலைக்கு வரும், ஹாரன் அடித்தால் சிதறும், கீதாரி ஓட்டிப் போகும் வரை நில்லுங்கள். ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணிக்கு ராத்திரியிலும் நடந்து போகிறவர்கள் இருப்பார்கள். கரும்பு டிராக்டருக்குப் பின் விளக்கு இருக்கும் என்று நம்பி ஓட்டாதீர்கள்.

கொழுந்தனார் சொல்லும் இரும்புக் கம்பி வேண்டவே வேண்டாம். அதற்குத் தடை இருக்கிறது என்பது ஒருபுறம். முன்பக்கம் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும்படிதான் வண்டியைக் கட்டியிருக்கிறார்கள். கம்பி போட்டால் அந்த அடி நேராக வண்டியின் சட்டகத்துக்கும் உங்களுக்கும் வரும், ஏர்பேக் சரியான நேரத்தில் விரியாமலும் போகலாம். எதிரே நடந்து வருகிறவரின் காலையும் அது முறிக்கும். அந்தப் பணத்துக்குச் சின்னப் பிள்ளைக்குக் குழந்தை இருக்கை வாங்குங்கள். மாமியார் பின்னால் உட்கார்ந்தாலும் பெல்ட் போட்டுத்தான் ஆக வேண்டும். கழுத்தை அறுக்கிறது என்பார், பக்கத்தில் உயரம் மாற்றும் பிடி இருந்தால் இறக்கிக் கொடுங்கள்.

இப்போது உங்கள் கணவரின் கணக்குக்கு வருவோம். அந்த 18, சோதனைக்கூடத்தில் உருளைகள் மேல் வண்டியை ஓட்டி எடுத்த அளவு. எதிர்காற்று இல்லை, ஏழு பேர் இல்லை, நீடாமங்கலம் ரயில்வே கேட்டும் இல்லை. அதில் நாலில் மூன்று பங்கு கிடைத்தால் நல்ல ஓட்டுதல் என்பேன். உங்களுக்கு அதைவிடக் கொஞ்சம்தான் குறைகிறது. பெரிய காரணம் 6 கிலோமீட்டர் பயணம். எஞ்சின் சூடாகி ஒழுங்காக எரிக்கத் தொடங்கும்போது பள்ளி வந்துவிடுகிறது. அப்புறம் சாயங்காலம் வரை ஆறிவிடும், மறுபடி முதலிலிருந்து.

மேல் கியரிலேயே ஓட்டச் சொல்வது அன்பான யோசனை, ஆனால் தவறு. 45-ல் ஆறாவது கியர் போட்டால் எஞ்சின் திணறும், திணறும் எஞ்சின் டீசலையும் தின்னும், தேய்மானமும் அதிகம். உங்கள் மாதிரி டீசல் வண்டியில் எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் 1,500-க்கும் 2,000-க்கும் நடுவே இருக்கும்படி கியரைத் தேர்ந்தெடுங்கள். வண்டி அதிர்ந்தால் ஒரு கியர் குறையுங்கள்.

மீதி டீசல் உங்கள் வலது காலில் இருக்கிறது. வண்டியை விட்டுவிட்டு நீங்கள் வெளியே போனாலும், பிரேக் பேடைக் கழற்றிப் பார்த்து உங்கள் மைலேஜை நான் ஓரளவு சொல்லிவிடுவேன். சீக்கிரம் தேய்ந்திருந்தால், டீசல் போட்டு வாங்கிய வேகத்தை பிரேக்கில் தேய்த்துத் தீர்க்கிறார் என்று பொருள். பஸ் தெரிந்ததும் காலை எடுக்கச் சொன்னேனே, நெல்லுக்கு முன்பே 30-க்கு வரச் சொன்னேனே, அதே பழக்கம்தான் இங்கேயும் வேலை செய்கிறது. கியரில் வைத்துக் காலை எடுத்தால் புதிய எஞ்சின்கள் அந்த நேரம் டீசலை அநேகமாக நிறுத்தியே விடும். நியூட்ரலில் உருட்டாதீர்கள், அதில் மிச்சமும் இல்லை, வண்டியும் கட்டுப்பாட்டில் இருக்காது.

திருச்சி நான்குவழிச் சாலையில் 80-லேயே போங்கள். 100-ல் போனால் காற்று தடுக்கும் விசை ஒன்றரை மடங்குக்கும் மேல் ஆகிறது, ஐம்பது கிலோமீட்டரில் ஏழெட்டு நிமிடம்தான் மிச்சம். டயர் காற்றை மாதம் இருமுறை, ஓட்டிச் சூடாவதற்கு முன் பாருங்கள். அளவு ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும், ஆட்கள் நிறைய ஏறினால் வேறு அளவு என்பதும் அதிலேயே இருக்கும். கேட் போட்டால் எஞ்சினை அணையுங்கள். திரையில் காட்டும் மைலேஜை நம்பாதீர்கள். ஒரே பங்கில் ஆட்டோ கட் ஆகும் வரை நிரப்பி, ஓடிய தூரத்தை அடுத்த நிரப்புதலின் லிட்டரால் வகுங்கள். 12.8-லிருந்து 15-க்கு வந்தால் ஆயிரம் கிலோமீட்டருக்கு 11 லிட்டர் மிச்சம், உங்கள் கணவரிடம் அந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

கடைசியாக அந்த மஞ்சள் விளக்கு. நீங்கள் எழுதிய அடையாளத்தை வைத்துப் பார்த்தால், குழாய்க்குள் புள்ளிகள் போட்ட படம், அது டிபிஎஃப் என்ற புகைக்கரி வடிகட்டியின் விளக்கு. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகை மாசு விதி வந்தபிறகு டீசல் கார்களின் புகைக்குழாயில் கரியைப் பிடித்துவைக்கும் இந்த வடிகட்டி இருக்கிறது. கரி சேர்ந்ததும் வண்டி தானாகவே அதை 600 டிகிரி வரை சூடாக்கி எரிக்கும். அதற்கு நீண்ட ஓட்டம் வேண்டும். நீங்கள் ஆறு கிலோமீட்டரில் அணைத்துவிடுவதால் பாதியிலேயே நின்றுபோகிறது. எரிப்பதற்காக ஊற்றிய டீசலும் வீண், அதில் கொஞ்சம் எஞ்சின் ஆயிலில் கலந்து ஆயில் அளவும் ஏறும்.

வரும் ஞாயிறு பாட்டில் பயிற்சி முடிந்ததும் வடுவூர் வழியாகத் தஞ்சாவூர் வரை ஒரு நடை போய்வாருங்கள். 60-க்குக் குறையாமல், ஆர்பிஎம் 2,000 பக்கம் இருக்கும்படி ஒரு கியர் குறைத்து, இருபது நிமிடம் நிற்காமல் ஓட்டினால் பெரும்பாலும் விளக்கு அணைந்துவிடும். உங்கள் வண்டியின் கையேட்டில் வேகம் வேறாகச் சொல்லியிருந்தால் அதன்படி செய்யுங்கள். இறங்கியதும் ஃபேன் இரைந்துகொண்டிருந்தால் எரிப்பு இன்னும் முடியவில்லை, இன்னொரு ஐந்து கிலோமீட்டர் ஓட்டுங்கள். இனி பத்து நாளைக்கு ஒருமுறை இப்படி ஒரு ஓட்டம் வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஓட்டியும் அணையவில்லை, அல்லது கூடவே எஞ்சின் விளக்கும் எரிகிறது என்றால், திங்கட்கிழமை பள்ளிக்குப் பஸ்ஸில் போங்கள், வண்டி நேராக சர்வீஸுக்குப் போகட்டும். ஆயில் அளவையும் அங்கே பார்க்கச் சொல்லுங்கள்.